அண்ணி போட்ட மூன்றாவது வரிசை

"என் பொண்ணை நீங்க ஊர் நடுவுல வெச்சுப் பேசினா, அதோட நம்ம உறவு முடிஞ்சது" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போன வாரம் நான் கிளம்பி வந்தேன் அல்லவா? அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருப்பீர்கள். மீதிப் பாதி நாத்தனார்களாக இருப்பீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் மடிப்புப் பகுதிக்கு நான் பொறுப்பு. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் கூடத்துக்குப் பின்னால் நகரசபைக்குச் சொந்தமான ஒரு நீள அறை இருக்கிறது. அங்கே வேலைக்கு வரும் பெண்களின் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளுக்காக அண்ணி ஒரு வகுப்பு ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. அவள் பழக்கிவிட்ட இரண்டு பெண்கள் பகலில் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளி விட்டதும் அவள் ஓடி வந்துவிடுவாள். அந்த அறையைக் காலி செய்து பழைய கோப்புகளை அடுக்கப் போவதாக நகரசபை கடிதம் அனுப்பியிருந்தது. மறுப்பு இருந்தால் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து சொல்லலாம் என்று கீழே ஒரு வரி.

இன்று செவ்வாய்க்கிழமை.

காலை ஏழரை மணிக்கே அண்ணன் என் வாசலில் நின்றான். தோளில் கருவிப் பை. கேட்டால் வேலைக்குப் போகிற வழி என்பான். அவன் வேலைக்குப் போகிற வழி எதிர்த் திசையில் இருக்கிறது.

"டீ இருக்கா?"

"டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

"டீயும் குடிக்கத்தான்."

பாதி டம்ளரைக் குடித்தான். பிறகு டம்ளரைப் பார்த்தே சொன்னான். "உன் அண்ணி அஞ்சு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டா. ஆறாவதை எனக்குப் படிச்சுக் காட்டினா. முழுக்கப் புள்ளிவிவரம். நூத்துக்கு இத்தனை பிள்ளைங்க, ஆயிரத்துக்கு இத்தனை பிள்ளைங்க. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

"நீ லிஃப்டுக்குள்ளயே தூங்கறவன்."

"விளையாடாதே. பொத்தானைப் பத்தி அதுல ஒரு எழுத்துக்கூட இல்ல. நீ வேணாம்னு சொன்னதுக்காக எடுத்துட்டா. அதை எடுத்ததும் மிச்சத்துல உசிரே இல்ல."

பொத்தான் என் மகள். இரண்டு வயதில் ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு மூன்று நாள் வீட்டையே காவல் காக்க வைத்ததால் வந்த பெயர். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே இருந்து வந்தவள் சட்டென்று நின்றாள்.

"என்னைப் பத்தி என்ன மாமா?"

"உன்னைப் பத்தி ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நான் முந்திக்கொண்டேன்.

"என்னைப் பத்தின்னா என்னைத்தானே கேக்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். எட்டு வருடத்துக்கு முன்னால் பொத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள், அண்ணியின் வகுப்பில். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னச் சின்ன வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். காகிதத்தில் போட்ட கோட்டின் மேலேயே கத்தரிக்க வேண்டும், பென்சில் பிடிக்க வேண்டும், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். ஒரு தாளில் டிக் அல்லது பெருக்கல் குறி. அதை வைத்து மூன்று வரிசை. முதல் வரிசை கரும்பலகைக்கு நேராக. மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம். ஜன்னல் ஓரம் போனவர்கள் திரும்பிக் கரும்பலகைப் பக்கம் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

என் மகளை அண்ணி ஜன்னல் ஓரம் போட்டாள்.

"டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கே மூளை மட்டாமே" என்று சொந்தக்காரர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பொத்தான் பள்ளியில் இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. நாலாம் வகுப்பில்தான் எப்படியோ எழுந்து வந்தாள். இன்று கணக்கில் அவள்தான் முதல். எழுந்து வந்த பிள்ளையை மறுபடி அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து, மைக்கில் சொல்ல வேண்டுமா? இதுதான் என் கோபம். இன்றும் அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொத்தான் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் அண்ணி சனிக்கிழமைகளில் எங்கள் சலவைக் கூடத்துக்கு வர ஆரம்பித்தாள். மடிப்பு மேசைக்கு அடியில் எங்கள் பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருக்கும். அவளும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பை நிறைய மரக்கட்டை, படம், களிமண். என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு மாதம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவந்து குடித்துவிட்டு அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

அப்புறம் அந்தப் பின்னறைக்காக நகரசபைக்கு நடந்தாள். பதினேழு மனு. ஒவ்வொன்றையும் யாராவது தொலைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருந்தாள். நாத்தனார் வாயால் இது வரக்கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்: அந்தப் பிடிவாதத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் சலவைக் கூடத்துக்கே முதலாளி.

ஏன் இதெல்லாம் செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் ஊர்ப் பிள்ளைகளைத் தேடி வருகிறாள் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "இன்னொண்ணு. பெரிய டீச்சரும் வர்றாங்களாம்."

"அவங்க எதுக்கு?"

"அவங்க பள்ளிக்கூடத்துப் பேர் எங்கயாவது அடிபடுதான்னு பாக்கத்தான். ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆறாங்க. அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ் யாருன்னு எழுதிக் கொடுக்கப் போறது அவங்கதானே."

பெரிய டீச்சர் அண்ணி பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் இடத்துக்கு அண்ணியின் பெயர்தான் முதலில் இருந்தது. மூன்று வரிசை முறையைக் கொண்டு வந்தவர் பெரிய டீச்சர் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

---

பத்தரை மணிக்கு வேலையை மாற்றிக்கொண்டு நாங்கள் ஆறு பேர் நகரசபைக்குப் போனோம். விசாரணைக் கூடத்துக்குப் போகும் நடையில் இரண்டு பக்கமும் கோப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடிந்தது. இதற்குத்தான் பிள்ளைகளின் அறை வேண்டுமாம். எங்கள் ரோலர்காரி, அதாவது சூடான உருளைக்குள் விரிப்பை விடுகிறவள், ஒரு கோப்பின் மேல் விரலை ஓட்டித் தூசியைக் காட்டினாள். "இதுக்கு ரூம் வேணாம்டி, ஒரு அலசு அலசினாப் போதும்" என்றாள்.

உள்ளே நீள மேசையின் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, மருந்துக் கடை வைத்திருக்கும் அம்மா. ஒரு பக்கம் டயர்க் கடைக்காரர். இன்னொரு பக்கம் ரிட்டயர் ஆன சர்வேயர். சர்வேயர் கண்ணை மூடியிருந்தார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

பெரிய டீச்சர் இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ரோலர்காரியிடம் ஏதோ பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். போன வாரத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

அண்ணி எழுந்து படித்தாள். அண்ணன் சொன்னது சரிதான். நூற்றுக்கு இத்தனை, ஆயிரத்துக்கு இத்தனை. அவள் குரல் வகுப்பில் எப்படி இருக்கும் தெரியுமா? கடைசி பெஞ்சில் பென்சில் கடிக்கிற பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும். இங்கே அந்தக் குரலையே காணோம். தாளைப் பார்த்துத் தாளுக்கே படித்தாள். மருந்துக்கடை அம்மா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

முடித்ததும் டயர்க் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார்.

"டீச்சரம்மா, பெரியவங்க என்ன சொல்லியிருக்காங்க? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா. ஐந்தில்னுதான் சொன்னாங்க. மூணுல என்ன அவசரம்? அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் இருக்கு. அங்க நல்லா வளைச்சுக்கலாமே."

கூடத்தில் சிரிப்பு. அண்ணி சிரிக்கவில்லை. "அஞ்சு வயசுல வரும்போது சில பிள்ளைங்க ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காங்க. சில பிள்ளைங்க இன்னும் கிளம்பவே இல்ல. ரெண்டையும் ஒரே கோட்டுல நிக்க வெச்சு ஓடுன்னு சொல்றோம்" என்றாள்.

"நல்லாத்தான் பேசறீங்க." மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஸ்கூல்ல வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. ஏழு வருஷமா இந்த ரூமைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க. பதினேழு மனுவோட நகலும் இங்கயே இருக்கு. உங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் படும் பாடு எனக்குத் தெரிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். எனக்காக.

"அது என் சொந்த விஷயம். சொல்றதுக்கு இல்லீங்க" என்றாள்.

டயர்க் கடைக்காரர் பக்கத்தில் சாய்ந்து மெதுவாகச் சொல்வதாக நினைத்து மைக்கிலேயே சொன்னார். "சொந்தமா ஒண்ணு இல்லாதவங்களுக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு."

கூடம் முழுக்கக் கேட்டது.

எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த வெட்கம் பெரிது. ஏழு வருடமாக நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். வெளியே கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

எழுந்து நின்றேன். ரோலர்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன்.

"அண்ணி, சொல்லுங்க."

அவள் திரும்பினாள்.

"என் பொண்ணு கதைதானே? நான்தான் சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிப் போட்டேன். இப்ப நானே சொல்றேன், சொல்லுங்க."

"நிஜமாவா சொல்றே?"

"நாத்தனார் ஒரு தடவைதான் இறங்கி வருவா. சீக்கிரம் சொல்லுங்க."

பொத்தானைக் கேட்காமல் சொன்னேன். அதற்கு நான் மாலையில் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. மக்குப் பிள்ளையாக இருந்தவள் எப்படி மேலே வந்தாள் என்ற கதையைத்தான் அண்ணி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

அண்ணி தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணு என் கிளாஸுக்கு வந்தா. முதல் வாரம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு காகிதம், ஒரு கத்தரிக்கோல் கொடுத்தேன். நடுவுல ஒரு கோடு. கோட்டு மேலயே வெட்டணும். இவ கத்தரிக்கோலைத் தொடவே இல்ல. காகிதத்தைக் கோட்டுல மடிச்சா. நகத்தால அழுத்தி நீவினா. திருப்பி மடிச்சு மறுபடி நீவினா. அப்புறம் ஒரே இழுப்புல கிழிச்சு ரெண்டு துண்டையும் என் மேசை மேல வெச்சா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் வேலை. சலவைக் கூடத்தில் மடிப்பு மேசைப் பக்கம் கத்தரிக்கோல் வரவே கூடாது. ஒரு விரிப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் எங்கள் தலைதான் உருளும். நைந்துபோன விரிப்பைத் துடைப்புத் துணியாக்க வேண்டுமென்றால் மடிப்போம், நகத்தால் நீவுவோம், திருப்பி நீவுவோம், ஒரே இழுப்பு. என் மகள் மூன்று வருடம் அந்த மேசைக்கு அடியில் வளர்ந்தவள். அவள் கத்தரிக்கோலைக் கையால் தொட்டதே இல்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் செய்திருக்கிறாள். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

"மத்த பிள்ளைங்க வெட்டினது எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு இருந்துச்சு" என்றாள் அண்ணி. "இவ துண்டு மட்டும் நேரா இருந்துச்சு. நான் பார்த்தேன். ஒரு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சேன்னு சொன்னா எனக்கு நல்லா இருக்கும். ஆனா அப்படி இல்லீங்க, அன்னைக்கே பார்த்தேன். ஆனா தாள்ல என்ன கேட்டிருந்தது? கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா. தெரியாதுன்னு பெருக்கல் குறி போட்டேன். சொந்தக்காரப் பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு கொஞ்சம் அழுத்தியே போட்டேன். ஜன்னல் ஓரம் உக்கார வெச்சேன். எனக்கு நல்ல பேர் வந்துச்சு. அவளுக்குப் பேச்சு நின்னு போச்சு."

அண்ணி மருந்துக்கடை அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"புத்திசாலித்தனத்தைப் பார்க்கறோம்னு நினைச்சுக்கிட்டு, அவங்க வீட்டுல என்ன இருந்துச்சு, என்ன இல்லைன்னுதான் நாங்க பார்த்துக்கிட்டு இருந்தோம். வீட்டுல இல்லாததுக்குப் பிள்ளையைத் தண்டிச்சோம். அதான் மேசைக்கு அடியில போய் உக்காந்தேன். எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைங்க கையில கத்தரிக்கோலும் களிமண்ணும் படம் போட்ட புத்தகமும் இருக்கணும், அவங்க பேசறதைக் கேக்க ஒரு ஆள் இருக்கணும். இதுல எனக்கு என்ன இருக்குன்னு கேட்டீங்க. நான் பண்ணின தப்பு இருக்கு."

பெரிய டீச்சரின் கை கைப்பையின் பிடியில் இறுகியிருந்ததைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டும் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எட்டு வருடக் கோபம் எனக்குள் புதிதாகப் பொங்கி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தே போட்டிருக்கிறாள். ஆனால் அதே நிமிடம், தன் தப்பை இப்படி ஊர் நடுவில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் வருமா என்றும் யோசித்தேன். வராது. எனக்குத் தெரிந்த யாருக்கும் வராது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. எது எதற்கு என்று கேட்காதீர்கள்.

சர்வேயர் கண்ணைத் திறந்தார். அவர் தூங்கவில்லை.

"நாற்பது வருஷம் நிலம் அளந்தவன் நான்" என்றார். "ஒரு தடவை அளக்கற சங்கிலியில ஒரு கண்ணி குறைஞ்சு போச்சு. தெரியாம ஒரு தெருவையே அளந்து, எல்லார் நிலமும் தப்புன்னு எழுதிட்டேன். சங்கிலி தப்புன்னா நிலம் என்னம்மா பண்ணும்?"

மருந்துக்கடை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டார். டயர்க் கடைக்காரர் கோப்புகளுக்குக் கை தூக்கினார். மற்ற இரண்டு பேர் பிள்ளைகளுக்குத் தூக்கினார்கள். அறை இன்னும் ஒரு வருடத்துக்கு எங்களுடையது. அதன் பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

எங்கள் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். ரோலர்காரி அவளைத் தூக்கவே போய்விட்டாள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய டீச்சர் வந்தார்.

"நாளைக்குக் காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வா."

"வர்றேன் டீச்சர்."

பெரிய டீச்சர் கோப்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பாமல் நேராகவே நடந்து போனார். இரண்டு கோப்பு சரிந்து விழுந்தது.

---

வெளியே தெருவில் நானும் அண்ணியும் ஒரு நிழல் தேடி நின்றோம்.

"தெரிஞ்சேதான் போட்டீங்க" என்றேன்.

"ஆமா."

"எட்டு வருஷம் என்கிட்ட சொல்லல."

"சொல்ல வந்தேன். முதல் சனிக்கிழமை அதுக்குத்தான் வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டே. நானும் சரி, இன்னைக்கு வேணாம்னு தரையில உக்காந்தேன். அப்படியே வருஷம் ஓடிப் போச்சு."

"நான் தண்ணி கொடுத்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றாள். அந்த உண்மைக்காகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொத்தான்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

"இல்ல. அவகிட்ட நான்தான் சொல்லணும்."

நாலு மணிக்குப் பொத்தான் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். அண்ணன் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பேச வேண்டிய இடத்தில் அவன் எப்போதும் ஜன்னலைத் தேடுவான்.

அண்ணி முழுவதையும் சொன்னாள். கூடத்தில் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகள். கேட்காமல் பேசவிட்டது என் தப்பு என்று நானும் சேர்த்துக்கொண்டேன். பொத்தான் பிஸ்கட்டை எடுக்கவில்லை.

"கிழிச்சது ஞாபகம் இருக்கு" என்றாள். "நீங்க அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தீங்க. நல்லாயிருக்குன்னு சொல்லப் போறீங்கன்னு நின்னேன்."

அண்ணி தலை குனியவில்லை. அவள் கண்ணைப் பார்த்தே, "சொல்லியிருக்கணும்" என்றாள்.

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்கப் போறீங்களா அத்தை?"

"கேக்கத்தான் வந்தேன்."

பொத்தான் யோசித்தாள். கணக்குப் போடும்போது அவள் நெற்றியில் விழும் அதே சுருக்கம்.

"எங்க வரிசையில ஏழு பேர் இருந்தோம். நான் உங்க வீட்டுப் பொண்ணு. அதனால என் காகிதம் உங்க மனசுல நின்னுச்சு. மத்த ஆறு பேர் காகிதத்தைப் பார்த்தீங்களா?"

அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினான். அண்ணி சால்ஜாப்பு தேடுகிறாளோ என்று பார்த்தேன். அவள் தேடவில்லை.

"இல்ல" என்றாள். "பார்க்கல."

"என் பக்கத்துல ஒருத்தி உக்காருவா. ஈரக்கைன்னு கூப்பிடுவோம். எப்பவும் கை ஈரமா இருக்கும், காகிதம் எல்லாம் நனைஞ்சு போயிடும். அவளை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"முகம் ஞாபகம் இருக்கு."

"ஆறாவதோட நின்னுட்டா. கை ஏன் ஈரமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவங்க அம்மா வேலைக்குப் போனதும் தம்பிக்குத் துணி அலசிப் போட்டுட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவா. அஞ்சரை வயசுல."

"அவ வீடு தெரியுமா உனக்கு?" என்றாள் அண்ணி.

"தெரியும். ரெண்டு தெரு தள்ளி."

அண்ணி எழுந்து செருப்பை மாட்டினாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவள். நாளைக் காலையில் அவளுக்காகப் பெரிய டீச்சரின் அறை காத்திருக்கிறது, அங்கே என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "நாளைக்குப் போயேன்" என்று அண்ணன் சொன்னான். "நாளைக்கு நாளைக்குன்னுதான் எட்டு வருஷம் போச்சு" என்று அவள் படியிறங்கினாள். பொத்தான் முன்னால் ஓடினாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன். என் அண்ணன் எங்கிருந்து இப்படி ஒருத்தியைத் தேடிப் பிடித்தான் என்று இன்றைக்குத்தான் முதன்முதலாக ஆச்சரியப்பட்டேன்.

அது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடு. பொத்தான் தட்டினாள். கதவைத் திறந்தவளுக்கு என் மகள் வயதுதான், ஆனால் பார்க்க அப்படி இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை, அக்கம்பக்கத்துக் குழந்தை போலிருக்கிறது. உள்ளே தரையில் இன்னும் மூன்று. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

பொத்தானைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து அண்ணியைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. குழந்தையை அவசரமாகக் கீழே இறக்கிவிட்டு, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நேராக நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றாள்.

காலையில் மூன்று பேர் முன்னால் நின்று அத்தனை பேசிய அண்ணி அந்த வாசலில் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொத்தான்தான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய், "நாங்க உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.